பெய்ஜிங்கில் 28-ஆவது, கௌனாஸில் வெள்ளி: அலெக்சாண்டர் செலெவ்கோவின் இரண்டு ஆண்டுகளை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 28-ஆவதாக வந்து, ஃப்ரீ ஸ்கேட் (இரண்டாவதாக வரும் நீளமான புரோகிராம்) ஆட வாய்ப்பே இல்லாமல் ஊர் திரும்பிய எஸ்டோனிய ஃபிகர் ஸ்கேட்டர் அலெக்சாண்டர் செலெவ்கோ, இரண்டு வருடம் முடிவதற்குள் 2024 ஜனவரியில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். அவர் அவ்வளவு வளர்ந்துவிட்டாரா, இல்லை எதிரில் ஆள் இல்லையா?

இரண்டுமே ஓரளவு உண்மை. ஆனால் இரண்டையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: முதலில் ஆடும் குறுகிய சுற்றான ஷார்ட் புரோகிராம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எஸ்டோனியா போன்ற நாட்டிலிருந்து வருபவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அந்த 2 நிமிடம் 40 விநாடிதான். தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது தெரியாது. புள்ளிக் கணக்கை அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் எதிரில் யார் இருந்தார்கள் என்பது. பெய்ஜிங்கில் ஆண்கள் பிரிவின் முதல் ஆறு இடங்கள்: நேதன் சென், யூமா காகியாமா, ஷோமா உனோ, யூசுரு ஹன்யூ, சா ஜுன்ஹ்வான், ஜேசன் பிரவுன். மூன்று ஜப்பானியர், இரண்டு அமெரிக்கர், ஒரு கொரியர். ஐரோப்பியர் என்று ஏழாவது இடத்தில்தான் முதல் பெயர் வருகிறது, இத்தாலியின் டேனியல் கிராசல். ஐரோப்பிய சாம்பியன்ஷிப் என்றாலே இந்த ஜப்பான், அமெரிக்கா, கொரியா வரிசை முழுவதும் கழிந்துவிடுகிறது. அதோடு 2022 மார்ச்சுக்குப் பிறகு ரஷ்யா, பெலாரஸ் ஸ்கேட்டர்களைச் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் போட்டிகளிலிருந்து விலக்கியது. 2022 ஜனவரியில் எஸ்டோனியத் தலைநகர் தாலினிலேயே நடந்த ஐரோப்பியப் போட்டியில் நான்கு பிரிவுகளிலும் தங்கம் ரஷ்யர்களுக்குத்தான் போயிருந்தது. ஆகவே வாசல் அகலமானது உண்மை.

ஆனாலும் ஆண்கள் பிரிவில் இந்த வாதம் பாதிதான் செல்லும். 2022 தாலின் மேடையில் ஆண்களில் ரஷ்யர் ஒருவர்தான், மார்க் கோண்ட்ராத்யூக். வெள்ளி இத்தாலியின் கிராசலுக்கு, வெண்கலம் லாட்வியாவின் டெனிஸ் வசில்யெவ்ஸுக்கு. ரஷ்யர்கள் இருந்தபோதே பக்கத்து நாடான லாட்வியாவிலிருந்து ஒருவர் மேடை ஏறியிருக்கிறார். எனவே "ரஷ்யர் இல்லாததால் கிடைத்த வெள்ளி" என்று செலெவ்கோவைத் தள்ளிவிடுவது சரியில்லை. பெண்கள் பிரிவில் அந்த வாதத்துக்கு வலு அதிகம். அன்று மேடையில் நின்ற மூவருமே ரஷ்யர்கள்.

இனி கௌனாஸ் எண்கள். லிதுவேனியாவின் ஜல்கிரிஸ் அரங்கம், 2024 ஜனவரி. செலெவ்கோவுக்கு 23 வயது முடிய இன்னும் சில நாட்கள் பாக்கி. ஷார்ட் புரோகிராமில் 90.05, ஃப்ரீ ஸ்கேட்டில் 166.94, மொத்தம் 256.99. தங்கம் வென்ற பிரான்ஸின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா 94.13, 182.04 எடுத்து 276.17. வெண்கலம் வென்ற இத்தாலியின் மத்தேயோ ரிட்ஸோ 250.87. ஐரோப்பியப் போட்டியில் எஸ்டோனியா வாங்கிய முதல் பதக்கம் இது.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது வித்தியாசங்கள்தான். தங்கத்துக்கும் செலெவ்கோவுக்கும் 19.18 இடைவெளி. அதில் ஷார்ட்டில் போனது 4.08, ஃப்ரீயில் போனது 15.10. அதாவது ஷார்ட் முடிந்த இரவில் அவர் சாம்பியனின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். நீளமான புரோகிராமில்தான் தூரம் விழுந்தது. இத்தனைக்கும் சியாவ் ஹிம் ஃபா அன்று, அப்போது தடையில் இருந்த பின்பல்டியை அடித்து 2 புள்ளி வெட்டு வாங்கியவர். அந்த இரவில் அவருக்குப் புள்ளியைத் தூக்கி எறியும் அளவுக்கு வசதி இருந்தது. செலெவ்கோவுக்கு இல்லை. அவருக்கும் ரிட்ஸோவுக்கும் இடையே இருந்தது 6.12 மட்டுமே. அது எவ்வளவு சிறியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எஸ்டோனியாவின் மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு. ஒரு எஸ்டோனிய ஸ்கேட்டர் பதக்கத்தைப் பற்றி நினைப்பதற்கு முன் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். பெரிய நாட்டு ரசிகர்கள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

முதல் வாசல், நாட்டுக்கு எத்தனை இடம் என்பது. ஐரோப்பிய, உலக சாம்பியன்ஷிப்களில் ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் அதிகபட்சம் மூன்று பேர். முந்தைய வருட முடிவைப் பொறுத்து அது ஒன்று, இரண்டு, மூன்று என மாறும். ஒரே ஒருவரை அனுப்பிய நாடு என்றால், அவர் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அடுத்த வருடம் மூன்று இடம். 3 முதல் 10-க்குள் வந்தால் இரண்டு. அதற்குக் கீழே என்றால் மறுபடி ஒன்றுதான். இரண்டு பேர் போனால் இருவரின் இடங்களைக் கூட்டுவார்கள்: 13-க்குள் என்றால் மூன்று, 28-க்குள் என்றால் இரண்டு. அதனால் ஒற்றை ஆளாகப் போகிறவர் 10-ஆவதாக வருவதும் 11-ஆவதாக வருவதும் ஒன்றல்ல. அந்த ஒரு படியில் வீட்டில் காத்திருக்கும் இன்னொருவரின் சீசன் தொங்குகிறது.

எஸ்டோனிய ஆண்களிடம் இது வெறும் விதியாக நிற்கவில்லை, ஒரே வீட்டுக்குள்ளேயே இருந்தது. அலெக்சாண்டரின் தம்பி மிஹைல் செலெவ்கோ 2002-இல் பிறந்தவர். அவரும் சர்வதேச மட்டத்தில் ஆடுகிறவர். மூன்றாவதாக 2022 ஐரோப்பிய இளையோர் ஒலிம்பிக் விழாவில் தங்கம் வென்ற ஆர்லெட் லெவாண்டி. (லெவாண்டி வீட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தாய் அன்னா லெவாண்டி, 1984 உலகப் போட்டியில் அன்னா கோண்ட்ரஷோவா என்ற பெயரில் சோவியத்துக்காக வெள்ளி வென்றவர், பின்னாளில் எஸ்டோனியாவின் முக்கியப் பயிற்சியாளர். தந்தை அல்லார் லெவாண்டி 1988 கால்கரி ஒலிம்பிக்கில் நோர்டிக் கம்பைண்டில் (பனிச்சறுக்குத் தாவலும் ஓட்டமும் சேர்ந்த போட்டி) வெண்கலம் வென்றவர்.) ஒலிம்பிக்குக்கு ஒரே இடம் இருக்கும்போது இப்படி மூன்று பேர் இருந்தால், தேசிய சாம்பியன்ஷிப் என்பது கோப்பைக்கான போட்டியாக இருப்பதில்லை, டிக்கெட்டுக்கான போட்டியாகிவிடுகிறது. பெய்ஜிங்குக்கு அண்ணன் போனார்.

இரண்டாவது வாசல், குறைந்தபட்சத் தொழில்நுட்பப் புள்ளி. இடம் நாட்டுக்குக் கிடைக்கிறது. ஆளுக்குத் தகுதி தனி. நடப்பு அல்லது முந்தைய சீசனில் அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசப் போட்டிகளில் ஷார்ட்டுக்கும் ஃப்ரீக்கும் தனித்தனியாக ஒரு குறைந்தபட்சத்தை எடுத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே போட்டியில் வர வேண்டியதில்லை. இதற்காகத்தான் செப்டம்பரிலிருந்தே சின்னச் சின்னச் சர்வதேசப் போட்டிகளுக்கு இவர்கள் அலைகிறார்கள். செலெவ்கோ தரத்தில் உள்ளவருக்கு இது சிக்கல் இல்லை. ஆனால் காயத்திலிருந்து திரும்புகிறவருக்கும் இளையோர் பிரிவிலிருந்து ஏறுகிறவருக்கும் இதுவே பெரிய மலை.

மூன்றாவது வாசல்தான் பெய்ஜிங்கில் அவர் முகத்தில் அடைத்தது. ஷார்ட் புரோகிராமில் முதல் 24 பேர்தான் ஃப்ரீ ஸ்கேட் ஆடலாம். 28-ஆவது என்றால் நான்கு இடம் தள்ளி. நான்கு வருட உழைப்பு, ஒலிம்பிக் முடிந்தது.

ஷார்ட் ஏன் இவ்வளவு கொடூரமாக இருக்கிறது? புள்ளி தரும் உறுப்புகள் ஏழே: மூன்று ஜம்ப், மூன்று ஸ்பின், ஒரு ஸ்டெப் சீக்வென்ஸ் (கால் அசைவுத் தொடர்). ஒவ்வொன்றும் கட்டாயம். ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரு ஜம்ப் கெட்டால் பின்னால் வேறொன்றில் ஈடுகட்டலாம், ஏழு ஜம்ப் இருக்கின்றன. ஷார்ட்டில் ஈடுகட்ட இடமே இல்லை. ஆண்களுக்கு ஒரு ஆக்சல் என்ற ஜம்ப் (டபிள் அல்லது டிரிபிள், அதாவது இரட்டை அல்லது மூன்று சுற்று வகை), ஒரு தனி ஜம்ப் (டிரிபிள் அல்லது நான்கு சுற்று குவாட்), ஒரு காம்பினேஷன் (ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய ஜம்புகள்). டிரிபிள் ஆக்சலுக்கு எழும்பி, காற்றில் உடம்பு இறுகாமல் திறந்து, சிங்கிளாகப் போய்விட்டால் அந்த உறுப்புக்குக் கிடைப்பது சுழியம். குறைந்த மதிப்பு அல்ல, சுழியம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது செலெவ்கோவின் கௌனாஸ் புள்ளித் தாள் அல்ல. (கீழே வரும் டோ லூப், லட்ஸ், லூப், ஃப்ளிப், சால்கோ எல்லாம் எழும்பும் விதத்தால் வேறுபடும் ஜம்ப் வகைகள்.) அந்தத் தரத்தில் உள்ள ஒருவர் அக்காலத்து மதிப்புப் பட்டியல்படி போடும் வழக்கமான ஷார்ட். குவாட் டோ லூப் – டிரிபிள் டோ லூப் காம்பினேஷன்: 9.50 + 4.20 = 13.70. டிரிபிள் ஆக்சல் 8.00. கடைசி ஜம்பாக டிரிபிள் லட்ஸ்: 5.90, இரண்டாம் பாதியில் வருவதால் பத்து சதவீதம் கூடி 6.49. மூன்று ஸ்பின்னும் நான்காம் நிலை (கடினத்துக்கான தரத்தில் உச்சம்) என்றால் 3.20, 3.00, 3.50. ஸ்டெப் சீக்வென்ஸ் மூன்றாம் நிலை 3.30. அடிப்படை மதிப்பு மொத்தம் 41.19.

இதன்மேல் ஒன்பது நடுவர்களும் ஒவ்வோர் உறுப்புக்கும் −5 முதல் +5 வரை தரப்புள்ளி போடுகிறார்கள். அதிகபட்சம் ஒன்றையும் குறைந்தபட்சம் ஒன்றையும் நீக்கி மீதி ஏழின் சராசரி. ஒவ்வொரு படிக்கும் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம். காம்பினேஷனில் எந்த ஜம்ப் பெரியதோ அதன் மதிப்பில் பத்து சதவீதம். எல்லாவற்றுக்கும் சராசரி +2 என்று வைத்தால் கூடுதலாக 7.28 வரும். தொழில்நுட்பம் 48.47. அடுத்து கலைப் பக்கம்: அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்ற மூன்று கூறுகள், பத்துக்கு. மூன்றிலும் 7.75 என்றால் கூட்டுத்தொகை 23.25, ஆண்கள் ஷார்ட்டுக்கான பெருக்கெண் 1.67, ஆக 38.83. மொத்தம் 87.30. செலெவ்கோ கௌனாஸில் எடுத்த 90.05 இதற்கு மூன்று புள்ளிக்குள்தான் மேலே இருக்கிறது. ஆக இந்த மாதிரி அவர் தளத்துக்கு அருகில்தான் உள்ளது.

இப்போது குவாட்டில் விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.50-க்கு −5 என்றால் பாதி, 4.75 மிஞ்சும். விழுந்ததற்கு 1 புள்ளி தனியாக வெட்டு: 3.75. காம்பினேஷன் போடவில்லை. பதறாத ஸ்கேட்டர் கடைசியில் தனியாகப் போட வேண்டிய லட்ஸின் பின்னால் டிரிபிள் டோவை ஒட்டுகிறார்: 10.10, பத்து சதவீதம் கூட்டி 11.11, தரப்புள்ளி 1.18, ஆக 12.29. இப்படிக் காப்பாற்றினால் மொத்த இழப்பு 7.23. லட்ஸின் பின்னால் ஒட்டாமல் விட்டால் காம்பினேஷன் இல்லாத புரோகிராமாகிவிடும், இழப்பு 11.85. அதாவது 87.30 என்பது 80.07 ஆகலாம், அல்லது 75.45 ஆகலாம். கலைக் கூறுகளில் நடுவர்கள் கால் கால் புள்ளி குறைத்தால் இன்னும் 1.25 போகும். ஒரே விழுதல்தான், அதன்பின் ஒரு நிமிடம் கழித்து லட்ஸ் இறங்கிய கணத்தில் "இப்போது டோ ஒட்ட வேண்டும்" என்று மூளை சொல்கிறதா இல்லையா என்பதில்தான் நான்கரைப் புள்ளி நிற்கிறது. உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் பட்டியலின் நடுவில் அத்தனை பேர் ஒரே புள்ளியில் நெருக்கியடித்து நிற்பார்கள். அங்கே நான்கரைப் புள்ளி என்றால் பல இடங்கள்.

நல்ல பயிற்சியாளர்கள் இந்த "ஒட்டு"வைத் தனியாகவே பயிற்சி செய்ய வைப்பதற்கு இதுதான் காரணம். வேண்டுமென்றே முதல் ஜம்பை விட்டுவிட்டு, புரோகிராம் ஓட ஓட, கடைசி ஜம்பில் காம்பினேஷன் போடச் சொல்வார்கள். அது கால் வலிமைக்கான பயிற்சி அல்ல, முடிவெடுப்பதற்கான பயிற்சி.

அந்த குவாட் டோ லூப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இடப்பக்கமாகச் சுழல்பவர், வலது பிளேடின் வெளி விளிம்பில் பின்னோக்கி வழுக்கி வருகிறார். இடது கால் பின்னால் நீண்டு, பிளேடின் முன்பல் பனியில் ஊன்றுகிறது. அதைத் தூணாக வைத்து உடம்பு மேலே எழும்புகிறது. காற்றில் இருப்பது முக்கால் விநாடிக்கும் குறைவு. அதற்குள் நான்கு சுற்று, அதே வலது காலின் வெளி விளிம்பில் பின்னோக்கி இறக்கம். முன்பல் உடம்புக்கு வெகு வெளியே போய் ஊன்றினாலோ, இடது தோள் நேரத்துக்கு முன்பே திறந்தாலோ அச்சு சாய்ந்துவிடும். சாய்ந்த அச்சில் உயரம் குறைகிறது, சுற்று முடிவதற்குள் பனி வந்துவிடுகிறது.

அங்கேதான் தொழில்நுட்பக் குழு தன் வேலையைத் தொடங்குகிறது. பிளேடு பனியைத் தொட்ட கணத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். சரியாகக் கால் சுற்று குறைந்தால் தாளில் "க்யூ" என்று விழும். அடிப்படை மதிப்பு அப்படியே, தரப்புள்ளி மட்டும் குறையும். காலுக்கு மேல், அரைக்குக் குறைவாகக் குறைந்தால் கோண அடைப்புக்குறி. மதிப்பு 80 சதவீதம், 9.50 என்பது 7.60. அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் இரட்டைக் குறி. அது குவாட்டே அல்ல, டிரிபிளாக எண்ணி 4.20. அரங்கத்தில் பார்ப்பவருக்கு மூன்றுமே நின்று இறங்கிய ஜம்பாகத்தான் தெரியும். "நல்லாத்தானே குதிச்சார், ஏன் மார்க் குறைவு?" என்ற கேள்வி பெரும்பாலும் இந்தக் குறியில்தான் பிறக்கிறது. ஒருவரின் முன்னேற்றத்தைப் பார்க்க விரும்பினால் இடத்தைப் பார்க்காதீர்கள். அடுத்தடுத்த சீசன் தாள்களில் இந்தக் குறிகள் குறைகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு சொல்வதாகச் சொன்ன 6.12. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே இருந்த தூரம். ஃப்ரீ ஸ்கேட்டில் +2 தரத்தில் இறங்கிய டிரிபிள் ஆக்சல் 9.60 தரும். அது சிங்கிளாகப் போனால் (ஃப்ரீயில் சுழியம் ஆகாது) 1.10. வித்தியாசம் 8.50. அதாவது ஒரே ஒரு ஆக்சல் திறந்துகொண்டிருந்தால் அன்று வெள்ளி ரிட்ஸோவுக்குப் போயிருக்கும். ஷார்ட்டில் சேர்த்து வைத்த 90.05 இல்லாவிட்டால் அவ்வளவு விளிம்பும் இருந்திருக்காது.

ஃப்ரீயின் 166.94-ஐயும் இப்படி அவிழ்க்கலாம். கலைக் கூறுகள் மூன்றும் 8.00 என்று வைத்தால் 24 × 3.33 = 79.92. மீதி 87.02 தொழில்நுட்பத்திலிருந்து வர வேண்டும். இரண்டு குவாட் டோ லூப், இரண்டு டிரிபிள் ஆக்சல், லூப், லட்ஸ், ஃப்ளிப் என்று ஏழு ஜம்ப், நான்காம் நிலை ஸ்பின்கள், மூன்றாம் நிலை ஸ்டெப், ஒரு கோரியோ சீக்வென்ஸ் (நடன அசைவுத் தொடர்) சேர்ந்தால் அடிப்படை மதிப்பு ஏறக்குறைய 80 வரும். காம்பினேஷன் மூன்றுக்கு மேல் கூடாது. இரண்டாம் பாதிக்கான பத்து சதவீத போனஸ் கடைசி மூன்று ஜம்புக்கு மட்டும். இரண்டு வகை டிரிபிள் அல்லது குவாட்டைத்தான் திரும்பப் போடலாம், அதிலும் ஒன்று காம்பினேஷனில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டாவதற்கு 70 சதவீத மதிப்புதான். ஆக 87 என்ற எண், அசாதாரணமான குவாட் குவியல் எதையும் கேட்கவில்லை. இரண்டு குவாட்டை நிறுத்தி, மீதியைச் சிந்தாமல் முடிப்பதைக் கேட்கிறது. சியாவ் ஹிம் ஃபாவின் 182 வேறு உலகம். வெள்ளிக்கான பாதை "சிந்தாமல்" என்ற அந்த ஒரு சொல்லில் இருந்தது.

இன்னொரு லாபமும் ஷார்ட்டில்தான் கிடைக்கிறது. ஃப்ரீயின் 24 பேரும் ஆறு ஆறு பேராக நான்கு குழு. ஷார்ட்டில் மேலே வந்தவர்கள் கடைசிக் குழுவில். ஆறு நிமிட வார்ம்-அப்பை ஐரோப்பாவின் சிறந்த ஐந்து பேரோடு சேர்ந்து செய்ய வேண்டும். அழுத்தம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் கலைக் கூறுகளில் நடுவர்களின் கை பொதுவாகக் கடைசிக் குழுவில்தான் தாராளமாகிறது என்பது இந்த விளையாட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒப்புக்கொள்வது. மூன்று கூறுகளிலும் அரைப் புள்ளி கூடினால் ஆண்கள் ஃப்ரீயில் அது 5 புள்ளி.

கௌனாஸுக்கு முன்பு எஸ்டோனியாவில் யாருமே இல்லையா என்றால், இருந்தார்கள். 1998 ஒலிம்பிக்கில் மார்குஸ் ஹெர்னிட்ஸ் ஆடினார். 2006, 2010, 2014 என்று மூன்று ஒலிம்பிக்கில் எலெனா கிளெபோவா. முதல் ஒலிம்பிக்கின்போது அவருக்கு 16 வயது. பெய்ஜிங்கில் பெண்கள் பிரிவுக்கு ஈவா-லோட்டா கீபஸ் போனார். பதக்கம் இல்லாத காலத்திலும் வாசல்களைத் திறந்து வைத்தவர்கள் இவர்கள்தான். அதே காலத்தில் தாலின் நகரம் வேறொரு வழியில் உழைத்தது. 2010 ஐரோப்பியப் போட்டி சாக்கு அரங்கத்தில். 2014-இல் லாஸ்னமாயே பகுதியில் தொண்டிராபா பனி அரங்கம் திறந்தது. பிறகு 2015, 2020, 2022 உலக இளையோர் போட்டிகள், 2022 ஜனவரியில் அடுத்தடுத்து ஐரோப்பியப் போட்டியும், சீனாவில் நடக்க வேண்டியிருந்து இங்கே மாற்றப்பட்ட நான்கு கண்டங்கள் போட்டியும் (ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கானது). ஒரு எஸ்டோனியச் சிறுவனுக்கு உலகத் தரம் என்றால் என்ன என்பதைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது. ஷோமா உனோவும் எவ்ஜெனியா மெத்வெதேவாவும் 2015-இல், இலியா மலினின் 2022-இல் இளையோர் உலகச் சாம்பியன் ஆனது இந்த ஊரில்தான்.

அந்த அரங்கத்திலேயே அடுத்த படியும் நடந்தது. 2025 ஜனவரி இறுதியில் தொண்டிராபாவில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். 20 வயது நீனா பெட்ரோகினா, ஷார்ட்டில் 68.94, ஃப்ரீயில் 139.24, மொத்தம் 208.18 எடுத்துத் தங்கம் வென்றார். வெள்ளி ஜார்ஜியாவின் அனஸ்தாசியா குபனோவாவுக்கு, வெண்கலம் பெல்ஜியத்தின் நீனா பின்சரோனுக்கு. எஸ்டோனியாவின் முதல் ஐரோப்பியத் தங்கம். பயிற்சியாளர் ஸ்வெட்லானா வார்னவ்ஸ்காயா. (பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: எஸ்டோனிய எழுத்தில் அந்த "ரோ"வில் வருவது "ஓ" அல்ல. உதடு குவியாமல் வரும் ஓர் ஒலி, நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. புள்ளித் தாள்களில் எழுத்தின் மேல் உள்ள குறியை விட்டுவிடுவதால் உலகம் முழுவதும் "பெட்ரோகினா" ஆகிவிட்டது.)

அவருடைய 139.24 எவ்வளவு கடினமான எண் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. பெண்கள் ஃப்ரீயின் பெருக்கெண் 2.67. மூன்று கூறும் 8.25 என்றால் 66.08. மீதி 73.16 தொழில்நுட்பம். குவாட்டும் டிரிபிள் ஆக்சலும் இல்லாத ஒரு நிறைவான புரோகிராமை அடுக்கிப் பாருங்கள்: லட்ஸ்–டோ 10.10, டபிள் ஆக்சல் 3.30, லூப் 4.90, சால்கோ 4.30, போனஸோடு ஃப்ளிப்–டபிள் ஆக்சல் 9.46, லட்ஸ்–டபிள் டோ 7.92, ஃப்ளிப் 5.83. ஜம்ப் 45.81. நான்காம் நிலை ஸ்பின் மூன்றும் 9.40, நான்காம் நிலை ஸ்டெப் 3.90, கோரியோ 3.00. மொத்தம் 62.11. 73-ஐத் தொட இன்னும் 11 புள்ளி தரப்புள்ளியாக மட்டும் வர வேண்டும். அதாவது 12 உறுப்புகளிலும் சராசரி +2-க்கு மேல், எங்கும் விழாமல், எங்கும் கால் சுற்று குறையாமல். லட்ஸ்–டோவில் டோ கொஞ்சம் குறைந்து 80 சதவீதம் ஆனாலே 0.84 அடிப்படையில் போய், தரப்புள்ளி கீழே திரும்பி, ஒன்றரை இரண்டு புள்ளி கூடுதலாகவும் போகும். லட்ஸ் எழும்பும்போது இடது பிளேடு வெளி விளிம்பிலிருந்து உள்ளே புரண்டால் அதற்குத் தனியாக 80 சதவீதம். ரஷ்யர் இல்லாத களம் என்று இந்த எண்ணைக் குறைத்துச் சொல்வது எளிது. அந்த எண்ணை எடுப்பது எளிதல்ல. எதிரில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாளில் உள்ள 12 வரிகளும் ஸ்கேட்டர் தனியாகச் செய்தவை.

சொந்த ஊர் அரங்கம் உதவியதா? உதவும், ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் அல்ல. கைதட்டலுக்கு நடுவர் புள்ளி போடுவதைவிட முக்கியம் பனி. ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குப் பனியின் மேற்பரப்பு −3, −4 டிகிரி அளவில் இருந்தால்தான் விளிம்பு பிடிக்கும். ஹாக்கிக்கு இதைவிடக் குளிராக, கெட்டியாக வைப்பார்கள். கெட்டிப் பனியில் முன்பல் ஊன்றும்போது சில்லு பெயர்ந்துவிடும், மென்மையான பனியில் வேகம் சாகும். பழகிய அரங்கத்தில் ஆடுபவருக்கு வேலி எவ்வளவு தூரத்தில் வருகிறது, விளக்கு எந்தக் கோணத்தில் கண்ணில் அடிக்கிறது, பனி எவ்வளவு கடித்துப் பிடிக்கிறது என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும். மறுபக்கம், சொந்த ஊரில் ஷார்ட் புரோகிராம் ஆடுவது போல் நடுங்க வைப்பது வேறில்லை. செலெவ்கோ வெள்ளி வென்றது சொந்த நாட்டில் அல்ல, பக்கத்து நாட்டில் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

நீங்களே தாளை எடுத்துப் பார்க்க விரும்பினால்: ஒவ்வொரு போட்டிக்கும் முழுப் புள்ளித் தாளும் பொதுவில் வெளியாகிறது. செலெவ்கோவின் ஷார்ட் தாளில் முதல் வரியை முதலில் பாருங்கள், குவாட் அங்கேதான் இருக்கும். அதன் பக்கத்தில் குறி ஏதாவது இருக்கிறதா, பின்னால் இன்னொரு ஜம்ப் ஒட்டியிருக்கிறதா? ஒட்டவில்லை என்றால் நேராகக் கடைசி ஜம்புக்குப் போங்கள், அங்கே ஒட்டினாரா? பிறகு ஸ்பின்களின் நிலை எண்கள். மூன்றில் இரண்டு மூன்றாம் நிலையில் நின்றால் கால் களைத்துவிட்டது அல்லது எண்ணிக்கை தவறிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளி அளவு போயிருக்கும். கடைசியில்தான் கீழே உள்ள மூன்று கலைக் கூறுகள். அவர் 24-க்குள் வந்தாரா, கடைசிக் குழுவுக்குப் போனாரா என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்த முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கும்.